எழுத்து முகாமுக்கு மினிட்ஸ் புக் போதும்: நோட்டு, பேனா, பிரிண்ட் பற்றி ஒரு கடைவீதி விமர்சனம்

பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் இளம் எழுத்தாளர் கோடை முகாமுக்கு இடம் கிடைத்துவிட்டால் வீட்டார் முதலில் கிளம்புவது பரிசுப்பொருள் கடைக்கு. தோல் மாதிரி அட்டை போட்ட டைரி, வெல்வெட் டப்பாவுக்குள் படுத்திருக்கும் கனத்த பேனா, ஏதோ ஒரு பொன்மொழி அச்சிட்ட காபி கப். மூன்றையும் வாங்காமல் விடலாம். முகாமில் பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: காலையில் வகுப்பு, அதற்கு நடுவே பத்து இருபது நிமிடப் பயிற்சிகள். மதியம் தனியாக உட்கார்ந்து எழுத நேரம். அப்புறம் பட்டறை, அதாவது ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்து ஓரத்தில் குறிப்பெழுதிக் கொடுப்பது. இரவில் வாசிப்பு. ஆகவே உழைக்கப்போகும் பொருள்கள் மூன்று: தினமும் பத்துப் பதினைந்து பக்கம் கையெழுத்தைத் தாங்கும் நோட்டு, விரலை நோகடிக்காத பேனா, ஓரம் விட்டு அச்சடித்த பிரதிகள். காசையும் இந்த மூன்றில்தான் போடவேண்டும்.

நோட்டில் எங்கள் தேர்வு, கணக்குப் புத்தகம் விற்கும் கடையில் கிடைக்கும் மினிட்ஸ் புக். கூட்டுறவுச் சங்கமும் கோயில் கமிட்டியும் தீர்மானம் எழுதி வைக்கிற அதே கெட்டி அட்டை நோட்டு. கொங்குநாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டி, திருப்பூர் பனியன் கம்பெனி, கரூர் ஜவுளி, நாமக்கல் லாரி ஆபீஸ் என்று எங்கே போனாலும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரெஜிஸ்டர் இன்னும் திறந்தே கிடக்கிறது. அதை நம்பிப் பிழைக்கும் ஸ்டேஷனரிக் கடைகளும் இருக்கின்றன. கோவையில் டவுன்ஹால் சுற்றுவட்டம், ராஜ வீதி, பெரிய கடை வீதிப் பக்கம் விசாரிக்கலாம். ஈரோட்டில் மணிக்கூண்டுப் பக்கம். கடையில் “மினிட்ஸ் புக், கோடு போட்டது, ரூபாய் பைசா கட்டம் இல்லாதது” என்று முழுசாகக் கேளுங்கள். வெறுமனே லெட்ஜர் என்று கேட்டால் பற்று வரவுக் கட்டம் அடித்ததை எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் கட்டத்துக்குள் கதை எழுத முடியாது.

இந்த நோட்டை உயர்த்திச் சொல்வதற்கு முதல் காரணம் பைண்டிங். நோட்டுகள் மூன்று விதமாகக் கட்டப்படுகின்றன. தாள்களை நடுவில் மடித்துப் பின் அடிப்பது ஒன்று. பள்ளி நோட்டுகளில் பல இப்படித்தான். தாள் விளிம்பில் பசை தடவி அட்டையில் ஒட்டுவது இன்னொன்று. பளபளப்பான டைரிகள் நிறைய இந்த ரகம். சிறுசிறு கட்டாக மடித்து, ஒவ்வொரு கட்டையும் நூலால் தைத்து, பிறகு முதுகில் துணி ஒட்டுவது மூன்றாவது. பசை மட்டும் போட்டதைப் பாதியில் விரித்து அழுத்தினால் முதுகு விரியும், சில நாளில் தாள் உதிரும். ஏப்ரல், மே மாதத்தில் பஸ்ஸின் மேல்தட்டிலோ காரின் பின்கண்ணாடிக்கு அடியிலோ கிடந்தால் பசை இளகி இது சீக்கிரமே நடக்கும். தையல் போட்டது மேசைமேல் தட்டையாகப் படுக்கும். ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதவேண்டியதில்லை. கடையிலேயே சோதிக்க ஒரு வழி: நோட்டை மூன்று நான்கு இடங்களில் விரித்து நடுமடிப்பைப் பாருங்கள். கட்டின் நடுவே வெள்ளை நூல் தெரியவேண்டும். எங்கே விரித்தாலும் நூலே கண்ணில் படவில்லை என்றால் அது பசை பைண்டிங்.

இரண்டாவது, பக்க எண். மினிட்ஸ் புக்குகள் பலவற்றில் பக்க எண் அச்சிட்டே வரும். தீர்மானப் புத்தகத்தில் யாரும் தாளைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. எழுதுகிறவருக்கும் அதனால் இரட்டை லாபம். முதல் இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு அங்கே பொருளடக்கம் எழுதிக்கொண்டே வரலாம்: “பக்கம் 14, சந்தைப் பயிற்சி, பக்கம் 22, பாட்டி பேச்சு, இரண்டாம் வரைவு.” பட்டறையில் “அன்னைக்கு எழுதினியே, அதை எடு” என்றால் தேட அரை நிமிடம் ஆகாது. கிழித்தால் எண் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், பிடிக்காத பக்கத்தைக் கிழித்தெறியும் பழக்கமும் போகும். முகாமில் பெரும்பாலும் அப்படிக் கிழிபட்ட பக்கத்தைத்தான் ஆசிரியர் கேட்பார்.

மூன்றாவது, கோட்டின் இடைவெளி. தமிழுக்கு இது முக்கியம். கி, கீ மேலே வளையும்; கு, கூ, ழு கீழே இறங்கும். நெருக்கக் கோடு போட்ட நோட்டில் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரமும் மோதி, மறுநாள் எழுதியவருக்கே படிக்க வராது. அளவுகோலை வைத்துப் பத்து இடைவெளியைச் சேர்த்து அளங்கள். 8 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் தாராளம். 7-க்குக் கீழே வந்தால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதவேண்டிவரும். நோட்டு பாதி நாளில் தீரும். சின்னக் கையெழுத்துக்காரர் 7-இலும் சமாளிப்பார். கோடு போடாத நோட்டு அழகுதான், ஆனால் வேகமாக எழுதும் பயிற்சிகளில் வரி சரிந்துகொண்டே போகும்.

குறைகளையும் சொல்லவேண்டும். பல மினிட்ஸ் புக்குகள் ஃபுல்ஸ்கேப் அளவில், அதாவது ஏறக்குறைய 21 செ.மீ. அகலமும் 33 செ.மீ. நீளமுமாக வரும். ஏ4 ஃபைலுக்குள் நுழையாது. சாதாரணக் கல்லூரிப் பையில் மூலை மடங்கும். எடையும் உண்டு: 58 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 58 கிராம்) தாளில் 200 பக்கம் என்றால் தாள் மட்டும் 400 கிராம், அட்டை தனி. பைக்குள் இருக்கும் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெரியது சரிப்படாவிட்டால் அதே பைண்டிங்கில் அரை அளவு நோட்டும் கிடைக்கும்; வரிக்கு நான்கைந்து சொல்தான் பிடிக்கும் என்பதால் கவிதை எழுதுபவருக்கு அது போதும், கதை எழுதுபவருக்குப் போதாது. அட்டை கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், பார்க்க ஒன்றும் சுகமில்லை. அதைக் குறையாகச் சேர்க்கவில்லை.

எத்தனை பக்கம் வேண்டும்? பழைய கணக்கில் ஒரு குயர் என்றால் 24 தாள். நடுவே மடித்தால் 48 இலை, 96 பக்கம். கடைகளில் 96, 192 என்று பக்கக் கணக்கு வருவது இப்படித்தான். ஒரு வார முகாமுக்கு இரண்டு குயர், அதாவது 192 பக்கம், தாராளம். இரண்டு வாரம் என்றாலும் நான்கு குயர் நோட்டு ஒன்றாக வாங்காதீர்கள். இரண்டு குயரில் இரண்டாக வாங்கி, ஒன்றைப் பயிற்சிக்கும் மற்றதை வரைவுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. இந்த நோட்டு கிடைக்காத ஊரில் 192 பக்க லாங் சைஸ் நோட்டு இரண்டாவது தேர்வு. ஸ்பைரல் நோட்டு கடைசி: கம்பி பையில் நசுங்கும், பக்கம் திரும்பாமல் சிக்கும், இடது பக்கத்தில் எழுதும்போது மணிக்கட்டில் குத்தும். தேதி அச்சிட்ட டைரி வேண்டவே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று அளந்து வைத்திருப்பவனுக்கு எழுத்து எப்படி வரும்?

தாளின் தரத்தைப் பார்க்க, கடைக்காரரிடம் அதே ரகத்தில் ஒரு வீண்தாள் கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். நீங்கள் எழுதப்போகும் பேனாவையே கொண்டுபோய் ‘ணூ’, ‘ஞ’, ‘ழ’ மூன்றையும் அழுத்தி எழுதிப் புள்ளியும் வையுங்கள். எழுத்தின் விளிம்பில் மயிர்மயிராக மை பரவினால், மை ஊறாமலிருக்கத் தாளில் ஏற்றும் பசை குறைவு. புள்ளி மறுபக்கம் வந்து எட்டிப்பார்த்தால் இரண்டு பக்கமும் எழுத முடியாது, நோட்டின் விலை இரட்டிப்பு என்று கணக்குப் போடுங்கள். அப்புறம் ஒரு சொல்லைப் பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்துப் பாருங்கள். நார் எழும்பினால் வேறு நோட்டுக்குப் போகலாம்.

பேனா விஷயத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. பால் பாயிண்ட்டும் ஜெல்லும் இரண்டு வேலைக்கு. வேகப் பயிற்சிக்கு 0.7 அல்லது 1.0 முனை பால் பாயிண்ட். ரெனால்ட்ஸ் 045 மாதிரி ஒல்லியான, எடையில்லாத பேனா நாள் முழுக்க எழுதினாலும் கை தாங்கும். எண்ணெய் கலந்த மை என்பதால் மேலே தண்ணீர் சிந்தினாலும் கலையாது. கோடை மழை சாயங்காலத்தில் சொல்லாமல் வரும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. ஜெல் பேனா கறுப்பாக, தெளிவாக எழுதும், ஆனால் ரீஃபில் சீக்கிரம் தீரும். கீழே விழுந்து முனைக்குண்டு அடிபட்டால் மீண்டும் எழுதாது. திருத்தம் போட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். பால் பாயிண்ட் நான்கு, ஜெல் இரண்டு, சிவப்புக்குப் பதில் பச்சை ஒன்று. அடுத்தவர் கதையின் ஓரத்தில் சிவப்பில் எழுதினால் பரீட்சைத்தாள் மாதிரி இருக்கும். பச்சையில் அந்த உறுத்தல் கொஞ்சம் குறையும்.

இங்க் பேனா பிரியர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பாதி மை உள்ள பேனா வெயிலில் சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும்; ஆகவே பயணத்தில் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ, முள் மேலே பார்க்க வைத்துக் கொண்டுபோங்கள். இன்னொன்று, கழுவும் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பு முள்ளுக்கு அடியில் படிந்து மை ஓட்டம் தடைப்படும். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுக்காரர்கள் கவலைப்படவேண்டாம்; மற்றவர்கள் கேன் தண்ணீரில் கடைசியாக ஒருமுறை அலசினால் போதும்.

பட்டறைப் பிரதிகளுக்கு வருவோம். முகாம் அனுபவத்தில் பாதியைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் இதுதான். நோட்டுக்கு அடுத்தபடி கவனம் இங்கே வேண்டும்.

தட்டச்சிலிருந்து தொடங்கவேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, கற்க ஒரு வாரம் ஆனாலும் முகாமுக்கு முன்பே கற்றுவிட்டால் பெரிய உதவி: உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், க-வை இரண்டு தரம் தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும், ங-வை அடுத்துக் க தட்டினாலும் அப்படியே. விண்டோஸ் 11-இல் இதை மொழி அமைப்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம், பழைய கணினிக்கு என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள்கள், போனுக்குச் செல்லினம் செயலி. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் ஏற்கெனவே வேகமாக அடிப்பவர் மாறவேண்டிய அவசியமில்லை, முகாமுக்கு முந்தின வாரம் மாறவே கூடாது.

யூனிகோடை வலியுறுத்தக் காரணம் டிடிபி கடைகள். பத்திரிகையும் நோட்டீசும் அடித்துப் பழகிய கடைகளில் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. இவை ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் உருவத்தை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எதிர்த்திசையிலும் இதே கதை: நீங்கள் கொண்டுபோன யூனிகோட் கதையைக் கடைக்காரர் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கட்டம் கட்டமாக நிற்கும், அல்லது கொம்பு இடம் மாறும். “மாத்திக் குடுத்தர்றனுங்க” என்பார். மாற்றியில் போட்டு எடுத்ததில் மேற்கோள்குறியும் கோடும் கெட்டுப்போய் வரும். உரையாடல் நிறைந்த கதைக்கு அதுவே போதும் நாசமாக. வேர்ட் ஃபைலாகக் கொடுத்தால் உங்கள் எழுத்துரு கடையில் இல்லாமல் வேறொன்று வந்து உட்கார்ந்து ஏழு பக்கம் ஒன்பது பக்கமாகும். எனவே வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி, அதை மட்டும் கொடுங்கள். ஆனால் முகாமுக்கு மின்னஞ்சலில் அனுப்பும்போது வேர்ட், பிடிஎஃப் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் எழுத்து வரிசை குலையும், தொகுப்பு போடுபவர் திணறுவார்.

பக்க அமைப்பு: ஏ4, 12 புள்ளி எழுத்து, 1.5 வரி இடைவெளி, இடப்பக்கம் 2.5 செ.மீ., வலப்பக்கம் 4 செ.மீ. அந்த 4 செ.மீ. படிப்பவர் எழுதுவதற்கு. பக்க எண் கட்டாயம். வரி எண்ணும் போட்டுவிட்டால் பட்டறைப் பேச்சு பாதி நேரத்தில் முடியும். இந்த அமைப்பில் ஒரு பக்கத்துக்கு 200 முதல் 250 சொல் வரும். 1,500 சொல் கதை ஏழு பக்கம், முன்னும் பின்னும் அடித்தால் நான்கு தாள். பட்டறையில் 13 பேர் என்றால் 52 தாள்.

ஜெராக்ஸ் கடைச் சேவையைப் பற்றி ஒரு வார்த்தை. கோவை, ஈரோடு, சேலம் எங்கும் கல்லூரி வாசல் கடைகள் வேகமானவை, மலிவானவை, ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் பொறியியல் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஸ்பைரல் பைண்டிங்குக்கு மலையாகக் குவிந்திருக்கும். சாயங்காலம் போனால் அவசரத்தில் அடிப்பார்கள். காலையில் கடை திறந்ததும் போங்கள். ஒரு செட் மட்டும் பிரிண்ட் எடுத்து, மீதியை ஜெராக்ஸ் போடுவது பல கடைகளில் செலவு குறைவு. முதல் செட் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: பின்பக்கம் தலைகீழாக அடித்திருக்கிறதா, பக்க வரிசை சரியா, ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா. பின்பக்கம் தலைகீழாக வருவதற்குக் காரணம், தாளை நீளவாட்டில் திருப்பாமல் குறுக்குவாட்டில் திருப்புவது. முதல் செட்டில் கண்டுபிடித்தால் நான்கு தாளோடு போகும், கடைசியில் கண்டுபிடித்தால் 52. நம்பர் 10 ஸ்டேப்ளர் பின் இருபது தாள் வரை பிடிக்கும். இதற்கு ஸ்பைரல் தேவையில்லை.

தாள் 75 ஜிஎஸ்எம் கேளுங்கள். 70-இல் இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும், ஓரக் குறிப்பு எழுதுவதற்கும் தாள் மெலிசு. இந்த ஒரு பொருளில் நம் வட்டாரத்துக்குச் சொந்தமாகவே பெருமை உண்டு: கரூர் காகிதபுரத்தில் தமிழக அரசின் டிஎன்பிஎல் ஆலை, ஈரோட்டுக்கு எதிர்க்கரை பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை. டிஎன்பிஎல் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்கிறது. சக்கையின் நார் குட்டை. அதனால் தாளின் மேற்பரப்பு நன்றாக அமையும், கிழியாமலிருக்க மரக்கூழ் சேர்ப்பார்கள். பேனாவில் குறிப்பெழுத இந்த ரகத் தாள் தோதானது. 500 தாள் கட்டு 75 ஜிஎஸ்எம்மில் 2.3 கிலோவுக்குச் சற்று மேல். முகாமுக்குத் தூக்கிப்போக வேண்டாம், ஐம்பது தாள் எடுத்துக்கொண்டால் போதும்.

பிரதிகளைப் பளபள பிவிசி உறையில் போடாதீர்கள். அது வளைவதற்காக அதில் கலந்திருக்கும் இளக்கி, சூட்டில் டோனரை, அதாவது அச்சு மைப்பொடியை, பிடித்து இழுக்கும். உறையை உரிக்கும்போது முதல் பக்கத்து எழுத்து உறையோடு போகும். பட்டன் வைத்த பாலிபுரொப்பிலீன் ஃபோல்டர் அல்லது பழைய அட்டை ஃபைல் நல்லது. மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவர்.

அகராதி ஒன்று அவசியம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஒற்று மிகுமா மிகாதா என்ற சந்தேகம் வந்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம். கனமான புத்தகம், ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பேர் போகிறார்கள் என்றால் ஒருவர் கொண்டுபோனால் போதும். நம் பக்கத்துப் பேச்சில் எழுதுகிற பிள்ளைக்குப் பெருமாள்முருகன் தொகுத்து 2000-இல் வெளிவந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி கிடைத்தால் விடக்கூடாது. வெளியூர்ப் பிள்ளைகள் பட்டறையில் “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று வரிசையாகக் கேட்கும்போது கைகொடுக்கும். கோவை ராஜ வீதியில் விஜயா பதிப்பகத்தில் கேட்டுப்பார்க்கலாம்.

விடுதிச் சாமான் சுருக்கமாக: சென்னிமலைப் பெட்ஷீட் இரண்டு, விரிக்க ஒன்று, போர்த்த ஒன்று, கைத்தறிப் பருத்தி என்பதால் வேர்வையை இழுத்துக்கொள்ளும், காலையில் துவைத்தால் மதியத்துக்குள் காயும். பவானி ஜமக்காளம் மரத்தடி வாசிப்புக்கு அருமை, ஆனால் சுமை; முகாம் நடத்துபவர்கள் விரித்துக்கொள்ளட்டும். கொசுவத்தி விடுதியில் அனுமதியா என்று முன்பே கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் பூசும் களிம்பு. ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு, பெற்றோர் ஒப்புதல் கடிதம் மூன்றையும் கதைப் பிரதிகளோடு கலக்காமல் தனி ஃபைலில் வையுங்கள். விடுதி அறையில் பிளக் பாயிண்ட் பெரும்பாலும் ஒன்றுதான், அதுவும் கட்டிலுக்கு எட்டாத இடத்தில்; மூன்று முனை, ஐஎஸ்ஐ முத்திரை, இரண்டு மீட்டர் ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைப் பையின் அடியில் போட்டுவிடுங்கள்.